வெந்நீரின் ஓசை: சீனத் தேநீரும் உள்ளுணர்வின் வரலாறும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, சீனர் கடைத்தெரு ஒன்றிலிருந்த பழைய தேயிலைக் கடையில் அரைமணி நேரம் அமர்ந்திருக்கும் வாய்ப்புக் கிட்டியது. கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். அவருடைய முன்னோர் தென்சீனாவின் சாவ்ஜோ பகுதியிலிருந்து வந்தவர்கள். அப்பகுதி மக்களைச் சிங்கப்பூரில் தியோச்சியூ என்பர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய சிறு மண்சாடி, மூன்று குட்டிக் கிண்ணங்கள், பக்கத்தில் அடுப்பின் மேல் ஒரு கேத்தல். இவ்வளவே அவருடைய கருவிகள்.

பத்திரிகையாளனின் பழக்கம் எளிதில் போகாது. தண்ணீரின் சூடு எத்தனை பாகை, இலையை எத்தனை செக்கன் ஊறவிடவேண்டும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கேத்தலைச் சுட்டிக் காட்டினார்; பின்னர் தமது காதைச் சுட்டிக் காட்டினார். அதன்பின் சிரித்துக்கொண்டே சாடியைக் கையிலெடுத்தார்.

அந்தச் சைகையை அன்று ஒரு முதியவரின் குறும்பு என்றே எடுத்துக்கொண்டேன். பின்னர் சீனத் தேநீரின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், ஆயிரம் ஆண்டு வரலாற்றை அவர் ஒரு விரலசைவில் சொல்லிவிட்டார் என்பது புரிந்தது.

இன்று சீனத் தேநீரைப் பற்றிப் பேசுவோர் பலரும் உள்ளுணர்வு, விழிப்புநிலை, தியானம் ஆகிய சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றனர். மூங்கில் தட்டு, மெல்லிய இசை, ஊதுவத்தி சகிதம் அது ஒரு விற்பனைப் பண்டமாகவும் ஆகிவிட்டது. இந்தச் சொற்கள் பொய்யானவை அல்ல. ஆனால் அவற்றின் வரலாறு, விளம்பரங்கள் சொல்வதிலிருந்து பெரிதும் வேறுபட்டது.

தேநீருக்கும் தியானத்துக்கும் உள்ள உறவு முதலில் தத்துவ உறவு அன்று. தூக்கத்தோடு நடந்த போராட்டம். தாங் அரசமரபுக் காலத்தில் வாழ்ந்த ஃபெங் யென் என்ற அதிகாரி ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கி.பி. 713 முதல் 741 வரையான காலப்பகுதியில், தாய் மலையிலிருந்த லிங்யென் மடாலயத்தில் தியானம் பயின்ற துறவிகள் உறங்கக்கூடாது, இரவுணவும் உண்ணக்கூடாது, தேநீர் மட்டும் அருந்தலாம் என அனுமதிக்கப்பட்டது. துறவிகள் தேயிலையை உடன் எடுத்துச் சென்று ஆங்காங்கே காய்ச்சிக் குடித்தனர். அதைப் பார்த்து ஊர் மக்களும் பழகிக்கொண்டனர். ஆக, தேநீர் முதலில் கொடுத்தது விழிப்பு. சொல்லின் நேர்ப்பொருளிலேயே விழிப்பு.

தேநீருக்கென முதல் முழுநூலை எழுதிய லூ யூவும் (733–804) மடாலயத்தில் வளர்ந்தவரே. இன்றைய ஹூபெய் மாகாணத்தில் கைவிடப்பட்ட குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்ட அவரை ஒரு பௌத்த மடத்தலைவர் வளர்த்தார். துறவியாக விரும்பாத அச்சிறுவன் மடத்தைவிட்டு ஓடி நாடகக் குழுவொன்றில் சேர்ந்ததாக அறிகிறோம். பிற்காலத்தில் அவர் எழுதிய 'ச்சா ஜிங்' என்ற நூல் ஏறத்தாழ ஏழாயிரம் எழுத்துருக்களைக் கொண்டது. பத்து அத்தியாயங்கள் உடையது. அதில் நீரைக் கொதிக்கவைப்பது பற்றிய பகுதியே நம் விடயத்துக்கு முக்கியமானது.

அக்காலத்தில் தேயிலையை அவித்து, இடித்து, வில்லைகளாகத் தட்டிக் காயவைப்பர். வேண்டும்போது அனலில் வாட்டிப் பொடியாக்கி, வாய் அகன்ற பாத்திரத்தில் கொதிக்கும் நீரில் இடுவர். லூ யூ மூன்று கொதிநிலைகளை வகுக்கிறார். மீன்கண் அளவு குமிழிகள் தோன்றி மெல்லிய ஓசை எழுந்தால் அது முதற்கொதி. அப்போது சிறிது உப்பு இடவேண்டும். பாத்திர விளிம்பில் முத்துச்சரம் போலக் குமிழிகள் எழுந்தால் இரண்டாம் கொதி. அப்போது ஓர் அகப்பை நீரை எடுத்து வைத்துவிட்டு, மூங்கில் கோலால் நீரைச் சுழற்றி, நடுவே பொடியை இடவேண்டும். அலை புரள்வது போல நீர் பொங்கினால் மூன்றாம் கொதி; எடுத்து வைத்த நீரை ஊற்றி அதை அடக்கவேண்டும். அதற்கு மேலும் கொதித்தால் நீர் 'கிழடு' ஆகிவிடும், குடிக்க உதவாது.

நம் வீடுகளில் பலகாரத்துக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சுபவர்கள் கம்பிப் பதம் பார்ப்பதை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. வெப்பமானி இல்லாத உலகில் பதம் என்பதுதான் அளவுகோல். லூ யூவின் பெருமை, அந்தப் பதத்துக்குப் பெயர்களை வைத்தார் என்பதே. பெயர் வைத்தபின் அதைக் கற்பிக்க முடியும். அவருடைய பாத்திரம் வாய் திறந்தது. ஆகவே அவருடைய உள்ளுணர்வு பெரும்பாலும் கண்ணின் உள்ளுணர்வாகவே இருந்தது.

சொங் அரசமரபுக் காலத்தில் நிலைமை மாறியது. பொடியைப் பாத்திரத்தில் இட்டுக் காய்ச்சும் வழக்கம் குறைந்து, கிண்ணத்தில் பொடியை வைத்து, அதன்மேல் வெந்நீரைச் சிறுகச் சிறுக ஊற்றி அடித்து நுரைக்கச் செய்யும் முறை வந்தது. அதற்கு நீண்ட கழுத்தும் ஒடுங்கிய மூக்கும் கொண்ட கூசா தேவைப்பட்டது. அதற்குள் எழும் குமிழிகள் கண்ணுக்குத் தெரியா. பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தேயிலை பற்றி எழுதிய ச்சாய் ஷியாங் என்ற அறிஞர், தேநீர்த் தொழிலில் மிகக் கடினமானது நீரின் பதமறிந்து காத்திருப்பதே என்று கருதினார். நீர் முற்றாவிட்டால் பொடி மிதக்கும். மிஞ்சிவிட்டால் பொடி அமிழ்ந்துவிடும். மூடிய கலத்துள் அதைக் கண்டறிவது எவ்வாறு என்பதே அவருடைய கவலை.

விடை காதில் இருந்தது. நீர் காய்கையில் பாத்திரத்தின் அடியில் தோன்றும் குமிழிகள் மேலேயுள்ள குளிர்ந்த நீரைத் தொட்டதும் உடைந்துபோகின்றன. நாம் கேட்கும் இரைச்சல் அதுவே. முழு நீரும் கொதிநிலையை அடையும்போது குமிழிகள் உடையாமல் மேலே வந்துவிடுவதால் ஓசை தணிகிறது. இந்தப் பௌதிகத்தை அன்றைய சீனர்கள் அறிந்திருக்கவில்லை. ஆனால் ஓசையின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் அறிந்திருந்தனர். கண் மூடப்பட்டபோது காது திறந்தது எனலாம்.

சொங் காலத்தில் தேநீரை உற்று நோக்கியவர்களுள் தலையாயவர் ஹுய்சோங் பேரரசர். 1107 அளவில் அவர் எழுதிய தேநீர் நூலில், ஒரு கிண்ணத் தேநீருக்கு ஏழு தடவை வெந்நீர் ஊற்றும் முறையையும், ஒவ்வொரு தடவையும் நுரை அடையும் மாற்றத்தையும் விவரிக்கிறார். அந்த நுணுக்கத்தைப் படிப்பவர் வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் 1127 இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் படைகள் தலைநகரைக் கைப்பற்றி அவரைச் சிறைப்பிடித்தன. 1135 இல் அவர் அந்நிய மண்ணில் கைதியாகவே மாண்டார். நுரையின் ஏழு நிலைகளையும் அவதானித்த கண், எல்லையில் கூடிய படையை அவதானிக்கவில்லை. கிண்ணத்துள் செலுத்தும் கவனம் தானாகவே ஒருவரை ஞானியாக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சீனத் தேநீரின் அடுத்த பெரும் திருப்பம் தேநீர்ச் சுவைஞர்களால் ஏற்பட்டதன்று. 1391 இல் மிங் அரசமரபின் முதற்பேரரசர் ஹோங்வூ, வில்லைத் தேயிலையைத் திறையாகச் செலுத்தும் வழக்கத்தை நிறுத்தினார். நாகமுத்திரை பொறித்த அந்த வில்லைகளைச் செய்வது மக்களின் உழைப்பை மிகையாக உறிஞ்சுகிறது என்பதே கூறப்பட்ட காரணம். இனித் தேயிலைத் தளிரை அப்படியே அனுப்பினால் போதும் என்றார். ஹோங்வூ ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, மடாலயத்தில் சேர்ந்து பிச்சையெடுத்து உண்டவர். கொடூரமான ஆட்சியாளர் என்று பெயரெடுத்தவரும் அவரே. எனினும் இந்த ஆணையின் விளைவு பெரிது. பொடித் தேநீர் சீனாவில் மெல்ல மறைந்தது (யப்பானில் அது இன்றும் வாழ்கிறது). இலையை முழுதாக வெந்நீரில் ஊறவைக்கும் முறை பரவியது. சாடி பிறந்தது. யீஷிங் நகரத்தின் ஊதாக் களிமண் சாடிகள் பதினாறாம் நூற்றாண்டில் புகழ்பெறத் தொடங்கின. தொழிலாளரின் பாரத்தைக் குறைக்கப் பிறந்த ஓர் ஆணையிலிருந்தே நாம் இன்று 'சீனத் தேநீர்க் கலை' என்று வியக்கும் யாவும் கிளைத்தன.

மிங் காலத்தின் இறுதிப் பகுதியில் இருவர் எழுதியவை குறிப்பிடத்தக்கவை. முதலாமவர் ஜாங் யுவான். நீரின் பதத்தை அவர் மூன்று வழிகளில் பிரித்தறிகிறார்: குமிழியின் உருவம், கொதியின் ஓசை, ஆவியின் போக்கு. ஆவி ஓரிழை, ஈரிழையாகக் குழம்பி எழும்வரை நீர் பிஞ்சு. நேராக மேலெழுந்தால் முற்றியது. ஓசை படிப்படியாக உயர்ந்து பின்னர் அடங்கினால் முற்றியது. கண், காது ஆகிய இரண்டையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்கும் முறை இது.

இரண்டாமவர் ஹாங்ஜோவைச் சேர்ந்த ஷூ த்ஸிஷூ. 1597 இல் எழுதப்பட்ட அவருடைய நூலில், தேயிலையை முதலில் கையில் எடுத்து வைத்திருந்து, சாடியில் வெந்நீர் விட்டவுடன் இலையை இட்டு மூடச் சொல்கிறார். எவ்வளவு நேரம்? மூன்று மூச்சு. பின்னர் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மீண்டும் சாடியில் விட்டு, மேலும் மூன்று மூச்சு. அதன்பின் பரிமாறலாம். மணிக்கூடு இல்லாத அறையில் காலத்தை அளக்க மனிதனிடம் எப்போதும் இருக்கும் கருவி மூச்சு ஒன்றே. மூச்சை எண்ணுவது தியானப் பயிற்சி என்பதை நாம் அறிவோம். ஷூ த்ஸிஷூ இங்கே தியானத்தைப் போதிக்கவில்லை. தேநீர் கசந்துவிடக்கூடாது என்பதற்காக எண்ணுகிறார். ஆயினும், பதற்றத்தில் இருப்பவனின் மூன்று மூச்சு குறுகியது. அமைதியாக இருப்பவனின் மூன்று மூச்சு நெடியது. ஆகவே நல்ல தேநீர் வேண்டுமெனில் ஊற்றுபவன் முதலில் அமைதியடைய வேண்டியிருக்கிறது. தத்துவம் இங்கே பின்வாசல் வழியாக வந்து சேர்கிறது.

அதே நூலில், எவ்வேளைகளில் தேநீரைத் தவிர்க்கவேண்டும் என்ற பட்டியலும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது, கடிதம் அனுப்பும்போது, கட்டுக்கட்டாக ஏடுகளைப் புரட்டும்போது, அலுவல் நெருக்கும்போது ஆகாது என்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது ஆண்டுக்காலம் ஆசிரிய பீடத்தில் நான் பிளேன்ரீ குடித்த வேளைகள் யாவும் அப்பட்டியலில் அடங்கிவிட்டன. அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆறிப்போன அந்தக் கோப்பைகளில் ஒன்றின் சுவைகூட எனக்கு நினைவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் கதை ஃபூஜியென், குவாங்டொங் கரையோரங்களுக்கு நகர்கிறது. உணவு பற்றிய நூலால் புகழ்பெற்ற கவிஞர் யுவான் மெய், வூயீ மலைத் தேநீரை முன்பு விரும்பியவர் அல்லர். மருந்து போலக் கடுமையும் கசப்புமாக இருப்பதாகக் கருதியவர். 1786 இல், எழுபது வயதில் அம்மலைக்குச் சென்றபோது, அங்கிருந்த துறவிகள் வாதுமைக்கொட்டை அளவான கிண்ணங்களிலும் எலுமிச்சை இனக் காயொன்றின் அளவான சாடியிலும் தேநீர் கொடுத்தனர். விழுங்கிவிட மனம் வராத அளவு சிறிய மிடறு. முதலில் முகர்ந்து, பின்னர் உறிஞ்சி, மெல்லச் சுவைத்தபோதுதான் தேநீரின் தரம் அவருக்கு விளங்கியது. இலையைவிட அருந்திய முறையே இங்கு அதிகம் மாறியது எனலாம். கிண்ணம் சிறுத்ததால் கவனம் பெருத்தது.

அக்கரையோரத்தின் சாவ்ஜோவில் நிலைபெற்ற முறைக்கே 'குங்ஃபூ தேநீர்' என்று பெயர். சண்டைப் படங்களால் நமக்கு அறிமுகமான அதே குங்ஃபூதான். அச்சொல்லுக்கு உழைப்பு, அதற்குச் செலவிட்ட காலம், அதனால் கைவந்த திறன் என்பனவே பொருள். சிறு சாடியின் பெரும்பகுதியை இலை அடைத்துவிடும். மூடியபின் கண்ணுக்கும் வேலையில்லை, காதுக்கும் வேலையில்லை. சாடியின் மேற்புறத்தில் ஊற்றிய வெந்நீர் உலர்வதைக் கொண்டு வேளையறிவர். மற்றவை கைக்கும் முந்திய மிடறின் நினைவுக்கும் உரியவை. ஊற்றும்போது கிண்ணங்களின் மேல் சாடியை வட்டமாகச் சுழற்றி, கடைசித் துளிகளையும் சமமாகப் பங்கிடுவர். எவருக்கும் கடுப்புக் கூடவோ குறையவோ கூடாது. இது சான்றோரின் பூங்காவுக்கு மட்டும் உரிய சடங்கு அன்று. சாவ்ஜோவில் கடைவாசலிலும் வேலைத்தலத்திலும் சாதாரண மக்கள் அன்றாடம் அருந்தும் முறை. கவனம் என்பது ஓய்வுள்ளவர்களின் சொத்து என்ற எண்ணத்தை அந்த ஊர் மறுக்கிறது.

இன்று உலகெங்கும் காட்டப்படும் அமைதியான தேநீர்ச் சடங்கின் பெரும்பகுதி மிக அண்மைக் காலத்தது. எழுபதுகளின் பிற்பகுதியில், தேயிலை ஏற்றுமதி தளர்ந்திருந்த தாய்வானில், உள்ளூர்ச் சந்தையை வளர்க்கவும் சீனப் பண்பாட்டை மீட்கவும் முயன்றவர்கள் 'தேநீர்க் கலை' என்ற பெயரைப் பரப்பினர். வாசனை முகர்வதற்கென்றே வைக்கப்படும் நெடுங்கிண்ணம் அவர்களுடைய புத்தாக்கம். 2022 நவம்பரில் சீனாவின் மரபுவழித் தேயிலை ஆக்கமுறைகளையும் அவற்றோடிணைந்த சமூக வழக்கங்களையும் யுனெஸ்கோ தனது பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அப்பட்டியலின் தலைப்பில் ஆக்கமுறை முதலில் வருவதை நான் நிறைவோடு கவனித்தேன். ஏனெனில் அதுவே நாம் மறக்கும் பாதி.

குங்ஃபூ என்ற சொல் தேநீர் ஊற்றுவதைக் குறிப்பதற்கு முன்னரே, மிகுந்த உழைப்பில் ஆக்கப்பட்ட வூயீ மலைத் தேயிலையைக் குறித்தது. ஆங்கிலேய வணிகர்கள் 'கொங்கூ' என்று கொள்வனவு செய்த கறுப்புத் தேயிலையின் பெயர் அதன் திரிபே. ஆக்குபவரின் உழைப்புக்கும் ஊற்றுபவரின் கவனத்துக்கும் சீனமொழி ஒரே சொல்லை வைத்திருந்தது. நமது 'தேயிலை', 'தேத்தண்ணீர்' என்பவற்றிலுள்ள 'தே'யும் அக்கரையோரத்தின் மின் மொழியிலிருந்து கடல்வழியே உலகுக்குப் பரவிய சொல்தான். சொல் வந்த வழியிலேயே செடியும் உழைப்பும் பின்னர் வந்தன.

1848 முதல் 1851 வரை கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சீனாவுக்குள் மாறுவேடத்தில் சென்ற றொபேர்ட் ஃபோர்ச்சூன், ஆயிரக்கணக்கான கன்றுகளையும் விதைகளையும் இமயமலைச் சாரலுக்கு அனுப்பினார். அவற்றோடு தேயிலையாக்கத்தில் தேர்ந்த சீனத் தொழிலாளர் சிலரையும் அழைத்துச் சென்றார். செடியை மட்டும் திருடிப் பயனில்லை. கையின் அறிவும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1867 இல் இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெய்லர் பயிரிடத் தொடங்கியபோதும், முதலில் இலை அவருடைய வீட்டு விறாந்தையில் மேசைமீது கைகளால்தான் உருட்டப்பட்டது. பின்னர் இயந்திரங்கள் வந்தன. எனினும் கொழுந்தைக் கிள்ளுவதற்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவரின் விரல்கள் இருந்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று பார்த்துப் பார்த்துக் கிள்ள அவர்களுக்கு நேரமில்லை. விரலே அறியும். அந்த அறிவை எவரும் உள்ளுணர்வு என்று அழைத்ததில்லை; கூலி என்று மட்டுமே அழைத்தனர்.

இன்னொரு தொடர்பையும் சொல்லவேண்டும். 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பௌத்தக் கலைச்சொல்லாக நிலைபெறச் செய்தவர் ரீஸ் டேவிட்ஸ். அவர் இலங்கைக் குடியியற் சேவையில் அதிகாரியாக இருந்து பாளி கற்றவர். 1881 இல் வெளியான மொழிபெயர்ப்பில் 'ஸதி' என்ற பாளிச் சொல்லுக்கு அவர் அச்சொல்லை வைத்தார். ஸதியின் வேர்ப்பொருள் நினைவு. வடமொழியின் ஸ்மிருதிதான் அது. விழிப்பு என்பதன் அடியில் நினைவு இருக்கிறது. மீன்கண், முத்துச்சரம், அடங்கும் ஓசை, மூன்று மூச்சு, உலரும் சாடி ஆகிய யாவும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நினைவுகளே. உள்ளுணர்வு வானத்திலிருந்து விழுவதில்லை. உடம்பு மறக்காமல் வைத்திருக்கும் உழைப்பே அது. அந்த உழைப்பில் ஊற்றுபவரின் பங்கை மட்டும் நினைவில் வைத்து, ஆக்கியவரை மறந்துவிடும் விழிப்பு அரைவிழிப்பே.

சிங்கப்பூர்க் கடையில் நான் விடைபெற எழுந்தபோது, முதியவர் சாடியின் மூடியைத் திறந்து, ஊறி விரிந்த இலையொன்றை எடுத்து என் உள்ளங்கையில் பரப்பினார். நடுவில் பச்சை, ஓரத்தில் மட்டும் சிவப்பு. இந்தச் சிவப்பு ஏன் என்று கேட்டேன். இலையைப் பறித்த நாளின் இரவில், அதைச் சிறிது சிறிதாகக் குலுக்கி ஓரங்களைக் கன்றச் செய்யவேண்டும். மணம் மாறும் வேளைக்காகக் காத்திருக்கவேண்டும். அதைச் செய்பவர் உறங்க முடியாது என்றார்.

தாய் மலையின் துறவிகள் உறங்காமலிருக்கத் தேநீர் குடித்தார்கள். அந்த இலை என் கைக்கு வருவதற்காக முகம் தெரியாத ஒருவர் ஓர் இரவு உறங்காமல் இருந்திருக்கிறார். அதை நான் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.